கட்டை குவில்லியமின் மனைவி

ஹெஸ்டர் குவில்லியம் ஏணியின் ஏழாம் படியில் நின்றுகொண்டு தான் குடியிருக்கும் வீட்டின் சுவரையே சுத்தியலால் பெயர்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவுன்சில் சர்வேயர் வந்து சேர்ந்தார். 1955, மே மாதத்தின் முதல் வாரம். ஹெஸ்டருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. தலையில் துண்டு, காலில் செத்துப்போன கணவனின் பூட்ஸ், முகமெல்லாம் சிமெண்டுத் தூள்.

சர்வேயர் டென்பிக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பர்மிங்காமில் படித்துவிட்டு எங்கள் ஹெர்ஃபோர்ட்ஷயர் பக்கம் வேலைக்கு வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. கெட்டவர் கிடையாது. எல்லாம் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

"மிஸஸ் குவில்லியம், என்ன செய்றீங்க?"

"பாத்தா தெரியலையா? வீட்டுக்கு ஈரச் சட்டையக் கழட்டிட்டிருக்கேன். இருபத்தஞ்சு வருஷமா நனைஞ்ச சட்டையோட நிக்குது, பாவம்."

"இது எஸ்டேட்டோட சொத்து. நீங்க கை வைக்கக் கூடாது."

"ஈரமும் எஸ்டேட்டோடதுதான் தம்பி. வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஹாலின் கோர்ட் என்ற அந்த வீட்டின் எலும்பெல்லாம் ஓக் மரம். மரச் சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, மண்ணும் வைக்கோலும் அப்பி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர்கள். மழை பெய்தால் சுவர் நனையும், காற்று வந்தால் காயும். முந்நூற்றைம்பது வருடம் அப்படித்தான் போயிற்று. 1931இல் எஸ்டேட் மேனேஜர் ஒருவருக்குச் சுத்தத்தின் மேல் திடீர்ப் பற்று வந்து, மேற்குச் சுவர் முழுக்கச் சிமெண்டைப் பூச வைத்தார். சிமெண்டு வெடித்தது. வெடிப்பு வழியே உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. சுவரைத் தாங்கும் அடிக்கட்டை ஊறத் தொடங்கியது. ஹெஸ்டர் எஸ்டேட்டுக்கு மூன்று கடிதம் போட்டாள். பதில் இல்லை. நாலாவது கடிதத்துக்குப் பதிலாகச் சுத்தியலை எடுத்தாள்.

டென்பி கருவிப் பையைத் திறந்தார். மாடி மூலையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். மாடிக்குப் போய்த் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் எழுதினார். ஹெஸ்டர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தாள்.

"மூலைத் தூண் ஏழு அங்குலம் சாஞ்சிருக்கு. உங்க மாடித் தரை பதினெட்டு அடியில எட்டேகால் அங்குலம் இறங்கியிருக்கு. வீடு விழுந்துட்டிருக்கு, மிஸஸ் குவில்லியம்."

"எப்ப விழும்?"

"அஞ்சு குளிர்காலம் தாங்காது."

"எங்கப்பாகிட்டயும் ஒருத்தர் இதையேதான் சொன்னார். சொன்னவரப் புதைச்சு நாப்பது வருஷமாச்சு."

டென்பி சிரிக்கவில்லை. மூன்று வாரத்தில் நோட்டீஸ் வந்தது. வீடு ஆபத்தான நிலையில் இருக்கிறது, இடித்துவிட வேண்டும். ஆட்சேபம் இருந்தால் ஜூன் பதினான்காம் தேதி காலை பதினோரு மணிக்குக் கவுன்சில் கூட்டத்தில் சொல்லலாம். சர்வேயரின் அறிக்கை நகல் ஒன்றும் கூடவே வந்திருந்தது. எஸ்டேட்டின் சொந்தக்காரர்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. இருக்குமா என்ன? லண்டனில் இருக்கிற அந்த வாரிசுகளுக்கு ஹாலின் கோர்ட் கால் வைக்காத காடு.

ஒரு காலத்தில் அங்கே பிரபுக்கள் இருந்தார்கள். பிறகு விவசாயிகள். பிறகு அறைகளைப் பலகையால் தடுத்து மூன்று கூலிக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த மூன்றில் ஒரு குடும்பத்தில், பரணுக்குக் கீழே, 1897இல் ஹெஸ்டர் பிறந்தாள். அப்பா வண்டிக்காரர், அம்மா பால்பண்ணையில் வேலை. பள்ளிக்கூடத்தில் எண் படிப்பதற்கு முன்பே ஹெஸ்டர் எண் படித்துவிட்டாள். பழைய தச்சர்கள் எந்த உத்தரம் எந்தத் தூணில் சேரும் என்று மறக்காமல் இருக்க ஒவ்வொரு மூட்டிலும் உளியால் கோடு கிழித்து வைத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. படுக்கையில் மல்லாந்து கிடந்து அவள் எண்ணிய கோடுகள் அவை. பதினோராவது மூட்டை மட்டும் எவனோ பன்னிரண்டு என்று வெட்டிவிட்டு, தப்பு தெரிந்து அடித்திருந்தான். அந்த அடித்தலைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். கல்யாணத்துக்குப் பிறகும் அதே வீட்டில்தான் குடித்தனம், மாடியில் பெரிய அறை. இரண்டு பெண்களைப் பெற்றது அங்கே. கணவன் ஆல்பன் கடைசி மூச்சு விட்டதும் அங்கேதான்.

மற்ற இரண்டு குடும்பங்களும் கவுன்சில் கட்டிய புது வீடுகளுக்குப் போய்விட்டன. கீழ்வீட்டில் இருந்த மேபல் டிரான்டர் தன் புது வாழ்வைப் பற்றிச் சொல்வதற்காகவே வாரத்துக்கு ஒருமுறை நடந்து வந்தாள்.

"குழாயத் திறந்தா வெந்நீர் வருது ஹெஸ்டர்! சத்தியமா!"

"எனக்கும் வருது. அடுப்புல வச்சா."

"தரையில உருளைக்கிழங்கு விழுந்தா விழுந்த எடத்துலயே கெடக்குதுடி. இங்க மாதிரி மேற்கு மூல வரைக்கும் தொரத்திட்டு ஓட வேண்டியதில்ல."

"உனக்கு ஓட முடியல, அதச் சொல்லு."

"அடம் புடிக்காதடி. எட்டாம் நம்பர் வீடு உனக்குன்னே காலியா வச்சிருக்காங்க. வாசல்ல ரோஜாச் செடிகூட வச்சாச்சு."

"நான் கேட்டேனா?"

இதுதான் ஹெஸ்டர். யாராவது நல்லது செய்ய வந்தால் முதலில் வாசலிலேயே நிறுத்தி, கேட்டேனா என்று கேட்பாள். ஊரில் பாதிப்பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். மீதிப்பேர் அவள் எதிரில் சொல்லப் பயந்தார்கள். ஆனால் அந்த ஜூன் மாதம் அவள் நிஜமாகவே பயந்துதான் போயிருந்தாள். எட்டாம் நம்பர் வீட்டில் எண்ணுவதற்குக் கோடுகள் இருக்காது. ஆல்பன் கை வைத்த கதவு இருக்காது. போ என்று யாரோ சொல்லி, போனேன் என்று ஆகிவிடும். அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

வீடு சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரியாதா? பச்சை ஓக்கை வெட்டிக் கட்டிய வீடு அது. கட்டிய பிறகுதான் மரம் காய்ந்தது, முறுக்கிக்கொண்டது, தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகு இரும்பாக இறுகிவிட்டது, இனி அசையாது. இதை அவள் அப்பா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொன்னார். ஆனால் அப்பா சொன்னார் என்று கவுன்சிலில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? டென்பியின் நோட்டில் எண்கள் இருக்கின்றன. அவளிடம் வாய்தான் இருந்தது.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அறிக்கையை நூறாவது தடவையாகப் படித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போனவள், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையில் கால்விரலை இடித்துக்கொண்டாள். வலியில் ஆல்பனைத் திட்டினாள். செத்துப் பதினோரு வருடம் ஆன மனிதனைத் திட்டக் காரணம் இருந்தது. அந்தக் கட்டை அவன் செய்தது.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். மாடிப் பெரிய அறையில் தெற்குச் சுவரை ஒட்டி ஒரு பாத்திர அலமாரி உண்டு. ஓக் மரம், ஆறு அடி நீளம். அவர்களுக்கு முன்னாலேயே, அப்பாவுக்கு முன்னாலேயே வீட்டோடு இருந்தது. 1922இல் அதில் புழு விழுந்துவிட்டது. ஆல்பன் தட்டுகளை இறக்கி, நாலு பேரை வைத்து அலமாரியைக் கீழே கொண்டுபோய், தானியக் கொட்டகையில் கதிரடிக்கும் தளத்தில் நிறுத்தி மண்ணெண்ணெய் தடவினான். தளம் சமமட்டமானது. அலமாரி இடது பக்கம் சரிந்து நின்றது. கவனித்துப் பார்த்தால் இடது கால்கள் இரண்டும் குட்டை. புதுமாப்பிள்ளைக்கு மனைவி எதிரில் ஏதாவது சரிசெய்து காட்ட வேண்டும் என்று ஆசை. இடைவெளியை அளந்தான். அதற்கேற்ப ஒரு நீளமான எல்ம் மரக் கட்டையை இழைத்து, இரண்டு இடது கால்களுக்கும் அடியில் சேர்த்து ஆணி அறைந்தான். அலமாரி ராஜா மாதிரி நிமிர்ந்து நின்றது. மேலே கொண்டுபோய்த் தட்டுகளை அடுக்கினான். ஹெஸ்டரின் அம்மா கொடுத்த நீலத் தட்டுகள் பதினாலில் ஒன்பது, அவள் கண்ணெதிரே வரிசையாக நழுவிப் போய்த் தரையில் விழுந்து நொறுங்கின.

அன்று மாலையே ஆல்பன் கட்டையைப் பிடுங்கினான். பிடுங்கியபோதுதான் குட்டைக் காலின் அடியில் எழுத்து தெரிந்தது. உளியால் வெட்டிய 1741. அவன் அறைந்த ஆணி சரியாக அந்த ஏழின் மேல் இறங்கியிருந்தது. எவனோ ஒரு தச்சன் அந்தத் தரைக்கென்றே அளந்து காலை வெட்டியிருக்கிறான். ஆல்பனுக்கு ஒரு ரகசியமும் வாயில் நிற்காது. ஆப்பிள் மது விற்கும் சைடர் கடைக்குப் போய் அப்படியே சொல்லிவிட்டான், வருடம் உள்பட.

கடை சிரித்த சிரிப்பு அடங்க இருபது வருடம் ஆயிற்று. விதைக்கடை முதலாளியின் மகன் எட்வின் ஸ்கர்ம் அப்போது இளந்தாரி. "முட்டாத்தனம் செஞ்சவன் நெறயப் பேரு. அதுக்கு வருஷமும் கண்டுபிடிச்சவன் இவன் ஒருத்தன்தான்!" என்றான். கட்டை குவில்லியம் என்று பேர் வைத்ததும் அவன்தான். மழை பெய்து சாலை வழுக்கினால், "ஆல்பனக் கூப்பிடு, ஒரு கட்ட அடிச்சுத் தருவான்" என்பார்கள். ஆல்பன் சிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பான். அது ஹெஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். கட்டையை எரித்துவிடலாம் என்று அவன் சொன்னபோது அவள்தான், கதவுக்கு வைப்போம், அதாவது உருப்படட்டும் என்றாள்.

இப்போது அவள் கால்விரலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டென்பியின் அறிக்கை, எதிரில் கட்டை. வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். அளந்து முடித்ததும் நொண்டிக்கொண்டே லாரிக்காரர் பெர்ஸ் பெங்கோவின் வீட்டுக்குப் போனாள்.

"பெர்ஸ், செவ்வாய்க்கெழம ஒன் வண்டி வேணும். நாலு ஆளும் வேணும்."

"வீடு மாறப்போறியா? அப்பாடா, ஒருவழியா!"

"வாயக் கழுவு. கவுன்சிலுக்கு ஒரு சாமான் கொண்டுபோகணும்."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கவுன்சில் கட்டடத்தின் படிகளில் நாலு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு அலமாரியை ஏற்றினார்கள். கட்டடம் புதிது, போருக்குப் பிறகு கட்டியது. குமாஸ்தா குறுக்கே வந்து நின்றார்.

"அம்மா, ஃபர்னிச்சர் எல்லாம் உள்ள கொண்டுவரக் கூடாது. மனு இருந்தாக் குடுங்க."

"இதுதான் மனு. வழி விடுங்க, காலு மிதிபடப் போகுது."

வழி விட்டார். உள்ளே பத்து உறுப்பினர்கள், நடுவில் தலைவர். தலைவர் வேறு யாரும் இல்லை, எட்வின் ஸ்கர்ம்தான். அப்பாவின் விதைக்கடை அவருடையதாகி, கடையோடு சேர்ந்து வயிறும் வளர்ந்து, இப்போது மிஸ்டர் ஸ்கர்ம் ஆகியிருந்தார். டென்பி ஒரு ஓரத்தில் அறிக்கையோடு உட்கார்ந்திருந்தார். அறை நடுவே இறக்கப்பட்ட அலமாரி இடது பக்கம் சரிந்து, குடித்துவிட்டு வந்த ஆள் போல நின்றது. ஹெஸ்டர் அதன் மேல் ஒரு தட்டை வைத்தாள். மீந்த ஐந்து நீலத் தட்டுகளில் ஒன்று. அது மெல்ல நழுவி வந்தது. விளிம்பில் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் சிரித்தது. "வீடு மாதிரியே சாமானும்!" என்றார் ஒருவர்.

"நல்லா சிரிங்க. அவசரமில்ல. சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க."

சிரிப்பு தானாக நின்றது.

"மிஸ்டர் டென்பி, இந்தத் தர மட்டந்தானே?"

"துல்லியமான மட்டம்." அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

டென்பி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"இப்ப இந்த அலமாரி நிமிந்து நிக்கணும்னா எடது காலுக்கு அடியில எவ்வளவு ஒசரம் வேணும்? அளந்து சொல்லுங்க. நீங்கதான் அளக்குறவரு."

டென்பி தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையாட்டினார். டென்பி மண்டியிட்டு அளந்தார்.

"ரெண்டே முக்கால் அங்குலம்."

"அலமாரி நீளம்?"

"ஆறு அடி."

"இப்ப உங்க அறிக்கையில எங்க மாடித் தர எவ்வளவு எறங்கியிருக்குன்னு எழுதியிருக்கீங்க? சத்தமாப் படிங்க."

"பதினெட்டு அடிக்கு எட்டேகால் அங்குலம்." படித்து முடித்தவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அலமாரியைப் பார்த்தார். எண் தெரிந்த மனிதர் அல்லவா.

மற்றவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஸ்கர்ம் விதைக்கடைக்காரர், மனக்கணக்கில் சூரர். "ஆறு அடின்னா அதுல மூணுல ஒரு பங்கு," என்று முணுமுணுத்தார். "எட்டேகால்ல மூணுல ஒண்ணு... ரெண்டே முக்கால்."

"எங்க தர எவ்வளவு எறங்கியிருக்கோ, அதே அளவு ஏத்தம் எறக்கமா காலு வெட்டின அலமாரி இது," என்றாள் ஹெஸ்டர். "எங்க வீட்டுல இது நேரா நிக்குது. ஊசி மொனை அளவு தர நகந்திருந்தாலும் நேரா நிக்காது. எப்ப வெட்டினதுன்னு காலுக்கு அடியில இருக்கு, குனிஞ்சு பாருங்க தம்பி."

டென்பி கிட்டத்தட்டப் படுத்தேவிட்டார். நல்ல கோட்டுப் போட்டிருந்தார், அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே ஹெஸ்டருக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தொண்ணு," என்றார் அடியிலிருந்து. "ஏழு மேல ஒரு ஆணித் துளை இருக்கு."

"வருஷத்த யார் வேணும்னாலும் செதுக்கலாமே!" என்றார் சிரிப்பைத் தொடங்கிவைத்த உறுப்பினர். "போன வாரம் செதுக்கினதா இருக்கலாம். சாட்சி யாரு?"

"இருக்காரு. இந்த ரூம்லயே இருக்காரு."

ஹெஸ்டர் சந்தைப் பையைத் திறந்தாள். அதிலிருந்து கட்டையை எடுத்துத் தலைவரின் மேசை மேல், அவருடைய மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா, எட்வின்?"

மிஸ்டர் ஸ்கர்மின் கழுத்து சிவந்தது. மெல்லச் சிவப்பு மேலேறிக் காதுக்கு வந்தது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஹெஸ்டர், அது ஏதோ வயசுல, வெளையாட்டுக்கு..."

"வெளையாட்டப் பத்தி நான் கேக்கல. முப்பத்திமூணு வருஷத்துக்கு முன்னால சைடர் கடையில எம் புருஷன் வந்து என்ன சொன்னான்? நீ என்ன சொன்ன? அத மட்டும் சொல்லு. குமாஸ்தா எழுதிக்கட்டும்."

குமாஸ்தா பேனாவைத் தேடி எடுத்தார். ஸ்கர்ம் தொண்டையைச் செருமினார். அவர் அப்போது பொய் சொல்லியிருக்கலாம், ஞாபகமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதை மட்டும் அவர் செய்யவில்லை என்பதை ஊர் இன்றைக்கும் அவர் கணக்கில் வரவு வைக்கிறது.

"ஆல்பன் குவில்லியம் 1922இல ஒரு நாள் கடைக்கு வந்தான்," என்றார். "அலமாரியோட குட்டக் காலுக்குக் கட்ட அடிச்சேன், தட்டெல்லாம் விழுந்துடுச்சு, புடுங்கிப் பாத்தா அடியில 1741னு இருக்கு, அந்தத் தரைக்குன்னே யாரோ வெட்டியிருக்காங்கன்னு சொன்னான். நாங்க சிரிச்சோம். நான்தான் அவனுக்குக் கட்ட குவில்லியம்னு பேர் வச்சேன்."

"எழுதினீங்களா?" என்று ஹெஸ்டர் குமாஸ்தாவைக் கேட்டாள்.

"எழுதிட்டேன்மா."

"கட்ட குவில்லியம்ங்கற பேரையும் எழுதுங்க. விட்டுடாதீங்க."

பிறகு கட்டையை எடுத்து டென்பியிடம் நீட்டினாள். பெர்ஸும் ஆட்களும் அலமாரியைத் தூக்க, கட்டை இடது கால்களுக்கு அடியில் போயிற்று. பழைய ஆணித் துளைகள் காலின் துளைகளோடு பொருந்தின. டென்பி அலமாரியின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவே போய் நின்றது. ஹெஸ்டர் நீலத் தட்டை வைத்துக் கையை எடுத்தாள். தட்டு அசையவில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

டென்பி எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டு, "என் அறிக்கைய வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார். "வீடு சாஞ்சிருக்கு. ஆனா விழல. நூத்திப் பதினாலு வருஷமா..." நிறுத்தினார், பதற்றத்தில் தப்பாகக் கழித்துவிட்டார். "இருநூத்திப் பதினாலு வருஷமா விழல. மேற்கு அடிக்கட்டைய மட்டும் மாத்தணும். சிமெண்ட எடுக்கணும்."

"எடுத்தாச்சு," என்றாள் ஹெஸ்டர்.

உத்தரவு ரத்தானது. தீர்மானத்தின் கடைசியில், பழுதுபார்க்கும்போது மாடித் தரையையும் மட்டமாக்கித் தரலாமா என்று ஒரு உறுப்பினர் அன்போடு கேட்டார். தரையில் கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று அவள் சொன்னதைக் குமாஸ்தா குறிப்பில் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஹெஸ்டர் அந்த மாடியிலேயே இருந்தாள். எட்டாம் நம்பர் வீட்டு ரோஜாவை மேபல் தன் வாசலுக்குப் பெயர்த்துக்கொண்டாள். டென்பி வருடம் ஒருமுறை வந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து, ஏழு அங்குலம் என்று எழுதி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார். தூணுக்குப் பக்கத்தில் அவர் பேசும்போதெல்லாம் ஹெஸ்டர், "மெதுவாப் பேசுங்க, விழுந்துடப் போகுது," என்பாள்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னும் முடியவில்லை. ஆட்கள் அலமாரியை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஸ்கர்ம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார். எதிரில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், லாரிச் சக்கரத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஆல்பன் முட்டாள் இல்ல, ஹெஸ்டர்."

இத்தனை வருடம் அவள் காத்திருந்த சொல் அது. கேட்க வேண்டியவன் போய்ச் சேர்ந்த பிறகு வந்திருக்கிறது. கட்டையைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு லாரியின் படியில் ஏறினாள்.

"முட்டாள்தான்," என்றாள். "ஆனா ஒழுங்கா அளந்த முட்டாள். வண்டிய எடு, பெர்ஸ்."